போன வண்டியிலேயே திரும்பி வந்தவர்கள்

கையில் ஐம்பது லட்சம் ரூபாயை வைத்துக்கொண்டு, இரண்டு கார்களில் எதை எடுப்பது என்று முடிவுக்கு வரமுடியாமல் ஒருவன் தூக்கம் கெட்டுக் கிடப்பான் என்று எழுபதுகளில் யாராவது சொல்லியிருந்தால், குமரி மாவட்டத்தில் எங்கள் ஊரான கீரிப்பாறையின் ரப்பர் தோட்டத்தில் பால் எடை போடக் காத்து நிற்கும் கூட்டத்தில் ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டார்கள். அந்த ஒருவன் என் தங்கச்சி மகன். பெங்களூரில் வேலை. வேகமாக ஓட்டுவதில் பிள்ளைக்குச் சின்ன வயசிலேயே ஆசை. ஆனால் நடுரோட்டில் பறந்து ஊரைக் கலக்குகிறவன் இல்லை; ஓட்டவேண்டிய இடத்தில்தான் ஓட்டவேண்டும் என்ற ஒழுங்கு உள்ளவன். கோயம்புத்தூர் கரி ஸ்பீடுவேயிலோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலோ, பந்தயக்காரர் அல்லாத சாதாரண ஆட்களும் கட்டணம் கட்டி, ஹெல்மெட் மாட்டி, சொந்த வண்டியின் முழு வேகத்தையும் பார்த்துவிட்டு வரலாம் என்று 'டிராக் டே' வைக்கிறார்கள் இல்லையா, அதற்கும் போகவேண்டும், திங்கட்கிழமை அதே வண்டியில் ஆபீசுக்கும் போகவேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவை அம்மாவைப் பார்க்கக் கீரிப்பாறைக்கும் ஏறி வரவேண்டும். "மாமா, கோல்ஃபா, ஆக்டேவியாவா, ஒண்ணு சொல்லுங்க" என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ 2025 மே மாதம் 53 லட்சம் ரூபாய் விலையில் வந்தது. அதே வருஷம் அக்டோபரில் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் ஐம்பது லட்சத்துக்கு ஒரு ஆயிரம் ரூபாய் குறைவாக வந்தது, இந்தியாவுக்கென்று 100 வண்டிகள் மட்டும். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒரே இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின், இரண்டுக்கும் 265 குதிரைத்திறன், கியர் மாற்றும் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒரே ஏழு வேகப் பெட்டி. கோல்ஃப் குட்டையானது, வளைவில் சொன்னபடி திரும்பும். ஆக்டேவியா நீளமானது, 600 லிட்டர் டிக்கியில் மாற்று டயர் நாலையும் ஜாக்கியையும் போட்டுக்கொண்டு போகலாம். விஷயம் அவ்வளவுதான். ஆனால் இந்த அவ்வளவுதானைப் பேசிப்பேசி ராத்திரிகளைக் கழிக்கிற சுகம் இருக்கிறதே, அது எனக்குப் புதிதில்லை. காசில்லாத காலத்தில் நாங்கள் அதைத்தான் அனுபவித்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் முதல் விளையாட்டு வண்டி நுங்கு வண்டி. மலையில் பனை கிடையாது. வெயில் காலத்தில் தடிக்காரன்கோணம் பக்கமிருந்து நுங்கு ஏறி வரும்போதுதான் எங்களுக்கு வண்டி. நுங்கு தின்று முடித்த வெற்றுக் காயைக் கூந்தல் என்போம்; அதில் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடவேண்டும். அதற்குப் போட்டி, சைக்கிள் கடைக்காரர் கழித்துப்போட்ட பழைய டயர். டயருக்கு வேகம் உண்டு, ஆனால் இறக்கத்தில் கையை விட்டால் ஓடைக்குள்தான் போய் விழும். நுங்கு வண்டி மெள்ளத்தான் போகும், ஆனால் எந்த வளைவிலும் நினைத்த இடத்தில் நிற்கும். நேர் ரோட்டுக்கு எது, வளைவுக்கு எது என்று ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்து நாங்கள் அடித்துக்கொண்டதும், இன்றைக்கு இவன் கோல்ஃப், ஆக்டேவியா என்று பேசுவதும் ஒரே பேச்சுத்தான். நீங்களும் ஏதோ ஒரு தெருமுனையில் இதைப் பேசித்தான் வளர்ந்திருப்பீர்கள்.

அப்போது தோட்டம் வனத்துறையின் கையில் இருந்தது. அரசு ரப்பர் கழகம் என்று தனியாக ஆனது 1984-இல். 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள் பலவும் இங்கே பால்வெட்டுக்கு வந்து சேர்ந்திருந்தன. அவற்றில் ஒரு வீட்டுப் பையன் என் வகுப்பு. நுவரெலியா பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். அங்கே மகாகஸ்தோட்டையில் மலை ஏறும் கார்ப் பந்தயம் 1934-லிருந்தே நடக்கிறது, ஒவ்வொரு வண்டியாகத் தனித்தனியே ஏறவிட்டு நேரம் குறிப்பார்கள் என்று அவன் சொல்வான். அவனுடைய அப்பா தோள்மேல் வைத்துக் காட்டினாராம். குட்டி மினி கார் ஒன்று, தன்னைவிடப் பெரிய கார்களை எல்லாம் வளைவுக்கு வளைவு தோற்கடித்ததை அவன் கையால் ஓட்டிக் காட்டும்போது, வாயால் எஞ்சின் சத்தம் கொடுத்து, ஒவ்வொரு வளைவுக்கும் உடம்பைச் சாய்த்து, கடைசியில் மூச்சு வாங்க நிற்பான். பெரிய எஞ்சின் ஜெயிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு, எடை குறைந்ததுதான் வளைவில் ஜெயிக்கும் என்ற பாடம் அங்கே கிடைத்தது. லோட்டஸ் கார்களைச் செய்த காலின் சாப்மன் அதையே தம் தொழிலின் அடிப்படையாக வைத்திருந்தார் என்பதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது.

நிஜமான வண்டி என்று எங்கள் கண்ணில் பட்டவை கொஞ்சம்தான். தோட்டத்து ஜீப், பால் ஏற்றும் லாரி, எப்போதாவது நாகர்கோவிலிலிருந்து அதிகாரி வரும் ஃபியட். ஜீப் ஓட்டிய அண்ணாச்சி கியரைக் குறைக்கும்போது கிளட்சை இரண்டு தரம் மிதித்து, நடுவில் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டுவார். முதல் கியருக்குப் பல்சக்கரத்தை இணக்கிக் கொடுக்கும் அமைப்பு அந்த வண்டியில் கிடையாது; எஞ்சின் வேகத்தையும் சக்கர வேகத்தையும் காதால் கேட்டுச் சமப்படுத்தினால்தான் கியர் உறுமாமல் விழும். அந்தத் தட்டுச் சத்தம் இரண்டு வளைவுக்கு அப்பாலிருந்தே குடியிருப்புக்குக் கேட்கும். "அண்ணாச்சி வாராரு, அடுப்புல வெள்ளம் வையி" என்று வீட்டுக்குள் குரல் எழும். இன்றைய ஏழு வேகப் பெட்டி அந்தச் சமப்படுத்தலைக் கண் இமைக்கும் நேரத்தில், எந்த மனிதனும் செய்யமுடியாத சுத்தத்தோடு செய்துவிடுகிறது. செய்யட்டும். ஆனால் யார் ஓட்டி வருகிறார்கள் என்று சத்தத்தைக் கேட்டுச் சொல்ல இனி எந்த வீட்டாலும் முடியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் சோழவரத்தைப் பார்த்தேன். மெட்ராஸுக்கு வடக்கே கல்கத்தா ரோட்டில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. விமானம் இறங்கவென்று போட்ட கான்கிரீட், சுற்றிலும் பொட்டல், பிப்ரவரி வெயில், ஓரத்தில் வைக்கோல் கட்டுகள். மேல் மட்டத்தில் பெரிய பணக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து தருவித்த பந்தயக் கார்கள் ஓடும்; அவற்றைக் கண் குளிரப் பார்ப்போம். ஆனால் எங்கள் நெஞ்சு அடித்துக்கொண்டது ஃபியட்டுக்கும் ஹெரால்டுக்கும் டால்ஃபினுக்கும்தான். காரணம், அவை தெருவில் ஓடும் வண்டிகள். அவற்றை ஓட்டியவர்களில் பலர் சனிக்கிழமை அதே வண்டியில் வந்து, பின் சீட்டைக் கழற்றி ஓரமாக வைத்து, ஹெட்லைட் கண்ணாடி உடைந்து சிதறாமலிருக்க டேப்பைக் குறுக்கே ஒட்டி, கதவில் நம்பர் எழுதி, பந்தயம் ஓடி, சாயங்காலம் சீட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு அதே வண்டியில் வீட்டுக்குப் போனார்கள். ரோட்டுக்கு ஒரு கார், டிராக்குக்கு ஒரு கார் என்ற பேச்சே எழாத காலம் அது.

அந்த மூன்றில் எது நல்லது என்ற வழக்கு எங்கள் ஒர்க்‌ஷாப்பில் தினம் நடக்கும். ஹெரால்டு மெட்ராஸ்காரருக்குச் சொந்தப் பிள்ளை. வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961-லிருந்து செய்தது. முன்பக்கம் முழுவதையும் மூடி மாதிரி தூக்கினால் எஞ்சின், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் எல்லாம் கண்முன்னால் வந்து நிற்கும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். திருப்புவதற்கு அதைப்போல லேசான வண்டி கிடையாது. ஆனால் பின் அச்சு நடுவில் மட்டும் மடங்குகிற வகை. வளைவில் வேகமாகப் போய், பயந்து, காலைச் சட்டென்று ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்தால், வண்டியின் பின்புறம் எழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்கிக்கொள்ளும். பிறகு ஓட்டுபவரின் கையில் ஒன்றும் இல்லை. ஃபியட்டுக்கு அந்தக் குணம் கிடையாது. 1089 சிசி, ஸ்டீயரிங் தண்டில் கியர், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். சிலிண்டர் ஹெட்டைக் கொஞ்சம் சீவி, கார்புரேட்டரை மாற்றி, சைலன்சரை நேராக்கினால் உயிர் வந்துவிடும். சிபானி டால்ஃபின் பெங்களூரிலிருந்து வந்தது. உடம்பு ஃபைபர், 848 சிசி எஞ்சின், பின் சக்கரம் தள்ளும் குட்டி வண்டி. மாருதி 800 வருவதற்கு முன்னால் அது மோட்டார் பந்தயத்தில் போட்ட ஆட்டம் பெரிது. என் கட்சி டால்ஃபின். மகாகஸ்தோட்டை மினியின் கதையைக் கேட்டு வளர்ந்தவன் இல்லையா நான்!

சோழவரத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தை இன்றைக்கும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் வளைவு வரும். சுற்றுக்குச் சுற்று அங்கே பிரேக் மிதிக்கும்போது டிரம் காய்ந்து விரியும். விரிந்தால் உள்ளிருக்கும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும், மிதி கீழே இறங்கும், லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கும். முதல் சுற்றில் நூறு அடியில் நின்ற வண்டி பிற்பாடு நிற்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஆகவே ஜெயித்தவர்கள் பிரேக்கைச் சேமித்து வைத்தவர்கள். வளைவுக்கு முன்னாலேயே காலை எடுத்து, கியரை இறக்கி, வண்டியின் எடையை முன் சக்கரத்துக்குப் பதமாகக் கொண்டுவந்து, ஒரே வீச்சில் திருப்பியவர்கள். வேகம் என்பது மிதிப்பதில் இல்லை என்று நேரில் கண்ட இடம் அது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்தில் சரியான பந்தயத் தடம் வந்ததும் சோழவரம் ஓய்ந்தது. பாதுகாப்புக்கு அதுதான் வேண்டியிருந்தது, சந்தேகமில்லை. ஆனால் வைக்கோல் கட்டுக்குப் பக்கத்தில் நின்று, போகிற வண்டியின் சூட்டை முகத்தில் வாங்கிக்கொண்ட அந்த நெருக்கம் திரும்பவில்லை.

கோயம்புத்தூரில் எஸ். கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்தார். அந்த ஃபார்முலா மாருதியில் ஓடிப் பழகிய கோவைப் பையன் நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டினபோது, கீரிப்பாறைக்குத் திரும்பிவிட்டிருந்த நான் டிவி முன்னால் உட்கார்ந்து கண் கலங்கினேன். 796 சிசியில் ஆரம்பித்த பிள்ளை! கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். அவர் பெயரில் உள்ள தடத்தில்தான் என் மருமகன் இப்போது போய் ஓட்டவேண்டும் என்கிறான்.

ரப்பரைப் பற்றிச் சொல்லாமல் கீரிப்பாறைக்காரன் கார் கதையை முடிக்கமுடியாது. விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பட்டையை ஒரு நூல் கனத்துக்குச் சீவி, சிரட்டையில் வடிகிற பாலைச் சேர்த்துக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அது எங்கெங்கோ போய் டயராகிறது. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்ய ஆரம்பித்த மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, டயர் கம்பெனியாகி, இந்தியப் பந்தயத் தடங்களில் தன் பெயரை எழுதியதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் ஊர்க்காரருக்கு ஒரு பெருமிதம். பந்தய டயரின் தரையைப் பிடிக்கிற மேல்பாகம் பெரும்பாலும் செயற்கை ரப்பர் என்பது எனக்குத் தெரியும். மரத்துப் பால் லாரி டயருக்கும் விமான டயருக்கும்தான் அதிகம் போகிறது, உருளும்போது சூடு ஏறாத குணம் அதற்கு உண்டு. இருந்தாலும் பெருமிதம் குறையவில்லை.

அந்த டயர் விஷயத்தில்தான் மருமகனோடு எனக்கு வாக்குவாதம். டிராக்குக்கு என்று பள்ளம் குறைந்த, மிருதுவான டயர் விற்கிறார்கள். காய்ந்த தடத்தில் ஒட்டிக்கொண்டு ஓடும். அதைப் போட்டுக்கொண்டு எங்கள் ஊருக்கு வரமுடியாது. குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. பூதப்பாண்டி தாண்டி, தடிக்காரன்கோணம் தாண்டி மரங்களுக்குள் நுழைந்துவிட்டால் ரோடு காய்வதே அபூர்வம். ஆவணி, புரட்டாசியில் ரப்பர் கொட்டைகள் படீர் படீரென்று வெடித்து ரோட்டில் உருளும். சின்ன வயசில் அதைக் கல்லில் தேய்த்துச் சூடேற்றிப் பக்கத்துப் பையன் கையில் வைத்துவிட்டு ஓடுவோம். தை, மாசியில் இலை முழுவதும் உதிர்ந்து தார் தெரியாமல் மூடிக்கிடக்கும். அதன்மேல் ஒரு தூறல் விழுந்தால் நடக்கவே வழுக்கும். 265 குதிரையை அங்கே என்ன செய்ய? தாழ்ந்த வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. பள்ளிக்கூட வாசலிலும் கோயில் வாசலிலும் சர்ச் வாசலிலும் அவரவர் போட்ட வேகத்தடைகளில் உரசாமல் ஏறி வருவதே ஒரு வித்தை. அந்தப் பெரிய சக்கரத்தில் ஒல்லியாக ஒட்டிய டயர் ஒரே குழியில் வெடிக்கும். நாகர்கோவிலிலிருந்து இருங்காட்டுக்கோட்டை ஏறத்தாழ 700 கிலோமீட்டர். டயர் போனால் வழியில் அந்த அளவு கிடைக்காது.

"அப்ப எதுதான் எடுக்கணும்னு சொல்லுகிய மாமா?"

"மக்கா, நீ கோயம்புத்தூரு வண்டியப் பாரு."

2018 அக்டோபரில் டாடாவும் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து டியாகோ ஜேடிபி என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சாதாரண டியாகோவிலிருந்து உருவாக்கியதுதான். 1.2 லிட்டர் டர்போ, 114 குதிரைத்திறன், ஐந்து கியர், கையால்தான் போடவேண்டும். எடை சுமார் ஒரு டன். விலை அப்போது 6.39 லட்சம். 2020-இல் பிஎஸ்6 விதி வந்தபோது நின்றுபோனது. தமிழ்நாட்டில் பிறந்து, தெருவுக்கும் தடத்துக்கும் பொதுவாக ஓடிய அந்த வண்டியை இன்னும் கொஞ்சம் காலம் வைத்திருந்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு. பழையதாக இப்போதும் அங்கங்கே விலைக்கு வருகிறது. மாஸ்டாவின் எம்எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கை வண்டி 1989-லிருந்து உலகம் முழுக்கச் செய்துவரும் காரியமும் இதுதான்: சக்தி குறைவு, எடை குறைவு, ஓட்டுகிறவனுக்கு வேலை அதிகம். அது இந்தியாவில் விற்பனைக்கு வரவே இல்லை. நமக்குக் கிடைத்தது இந்தக் கோவைப் பிள்ளை.

பெரிய வண்டியை டிராக்கில் முழுசாக ஓட்டிப் பார்க்கத் திறமை வரவே வருஷங்கள் ஆகும். சின்ன வண்டியை முதல் நாளே அதன் எல்லைவரை கொண்டுபோகலாம். தப்பும் மெள்ள நடக்கும், திருத்தவும் நேரம் இருக்கும். மிச்சப் பணத்தில் நல்ல பிரேக் பேடு, ஒரு செட் மழை டயர், ஒரு செட் காய்ந்த தடத்துக்கு, ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் இரண்டு நாள். பிரேக் ஆயிலைத் தடத்துக்குப் போகுமுன் மாற்றியே ஆகவேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், எங்கள் ஊர் ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம். ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் கொதித்துக் குமிழி விட்டால் பிரேக் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. இன்னொன்றையும் சொன்னேன்: சாதாரண கார் இன்சூரன்ஸ் பாலிசியில், ஏற்பாடு செய்த பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் காப்பு கிடையாது என்று எழுதியே இருக்கும். ஐம்பது லட்சத்தை அந்தத் தைரியத்தில் சுவரில் மோதவைக்க என் தங்கச்சி மகனை நான் விடமாட்டேன்.

அவன் நிறைய யோசித்தான். ஆக்டேவியாவின் நூறும் தீர்ந்துவிட்டிருந்தது, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். போன வாரம் போன் வந்தது. கோயம்புத்தூரில் சிவப்பு ஜேடிபி ஒன்று, ஒரே ஆள் ஓட்டியது, விலையும் ஒத்துவருகிறதாம். அந்த வண்டிக்குப் பின் சக்கரத்தில் இன்னும் டிரம் பிரேக்தான் என்றதும் எனக்குச் சோழவரத்து வெயில் உடம்பில் ஏறியது. டிரம்மைக் கழற்றிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறி நானே போய்ப் பார்க்கிறேன். பிடித்திருந்தால், அவனை ஓட்டச்சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து அதிலேயே கீரிப்பாறைக்குத் திரும்புவதாகத் திட்டம்.